சதுரங்கக் கணினியும் அனந்தராமனும்

சதுரங்கத்தில் ஒரு முறைக்குச் சுமார் 35 நகர்வுகள். ஆளுக்கு இரண்டு முறை ஆடினாலே 15 லட்சம் வழிகள். நம் திருத்தணியின் 365 படிகளில் ஒவ்வொன்றிலும் நின்று நான்கு திசையும் பார்த்தபடி ஏறுகிறவன், நடை சாத்துவதற்குள் சந்நிதி சேரமாட்டான். எந்தப் படியில் நிற்பது என்று கணினிக்குச் சொல்லித் தருவதுதான் கஷ்டம்.

அதைச் சொல்லித் தந்தவர்களில் ஒருவர், பனாரஸில் படித்த தாமஸ் அனந்தராமன். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சூ, கேம்பெல் இருவருடன் சேர்ந்து, ஒரே ஒரு நகர்வு மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலாகத் தெரியும் இடங்களில் இன்னும் ஆழமாகத் தேடும் முறையை வகுத்தார். அவர்களுடைய ‘டீப் தாட்’ 1988-இல் கிராண்ட்மாஸ்டர் லார்சனையே வென்றது. மறு ஆண்டு காஸ்பரோவிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது.

1997-இல் காஸ்பரோவை வென்ற ‘டீப் ப்ளூ’ அதன் வாரிசுதான். அதற்கு முன்பே அனந்தராமன் விலகிவிட்டார். கோப்பில் முதல் குறிப்பு எழுதிய குமாஸ்தா மாதிரி! அன்று நான் வாங்கிய நாளிதழில் அவர் பெயர் இல்லை.