பளை: அன்றாட வரலாற்று ஆவணங்கள்

பளை, கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தில், ஆனையிறவுக்கும் கொடிகாமத்துக்கும் இடையே தென்னந்தோட்டங்கள் சூழ்ந்த ஊர். 1990இல் போரால் நின்ற ரயில் 2014 மார்ச்சில் பளை வரை மீண்டது அரச பதிவுகளில் உண்டு. ஆனால் தேங்காய் விலையையும் தோட்டக் கூலியையும் காட்டுபவை வீட்டுக் கணக்குக் கொப்பிகளே. இடம்பெயர்ந்த குடும்பங்களின் வம்சாவளியும் மணஉறவும் இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கில் வெளியிடும் நினைவு மலர்களில் அச்சாகியுள்ளன.

இம்மலர்களில் புகழுரையே மிகுதி, இவை வரலாறாகா என்பர் சிலர். புகழுரையைக் கழித்தாலும் பெயர், ஊர், உறவு, தேதி எஞ்சும். பள்ளி வரவேடு, திருவிழா நோட்டீசு ஆகியவற்றுடன் ஒப்பிட்டு அவற்றைச் சரிபார்க்கலாம். ஆனால் இந்த ஆவணங்களை ஒரே இடத்தில் சேர்ப்பது மட்டும் போதாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது மாற்றுப் பிரதியற்ற ஏடுகள் அழிந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் மின்பிரதிக்கு வழிகாட்டுகின்றன. பளை வீடுகளில் எஞ்சிய தாள்களைக் கறையான் தின்னுமுன் படியெடுப்பது அவசியம்.