யங்ஸ்டவுன்: ஓர் எஃகு நகரின் மாஃபியா வரலாறு

யங்ஸ்டவுன், அமெரிக்காவின் ஒஹாயோ மாநில வடகிழக்கில் மஹோனிங் ஆற்றங்கரையில் அமைந்த தொழில் நகரம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்நாட்டின் முக்கிய எஃகு உற்பத்தி மையங்களில் ஒன்றாக இருந்தது. 1977 முதல் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட, நகரம் தேய்ந்தது. 1930இல் 1,70,002 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 60,068 ஆகக் குறைந்துவிட்டது. எஃகுக்கு அடுத்தபடியாக இந்நகரை நாடறியச் செய்தவை இங்கு வேரூன்றிய குற்றக் கும்பல்கள். வேலையின்மையே இக்கும்பல்களை உருவாக்கியது என்று கருதப்படுவதுண்டு. ஆனால் அவை வளர்ந்தது ஆலைகள் மூன்று ஷிப்டும் ஓடிய காலத்தில். வீழ்ச்சி அவற்றின் வருமானத்தைச் சுருக்கி, உட்பகையைக் கூர்மையாக்கியது.

பின்னணி

1900இல் தொடங்கப்பட்ட யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனமும், ரிபப்ளிக் ஸ்டீல், யு.எஸ். ஸ்டீல் ஆகியவற்றின் ஆலைகளும் ஆற்றின் இரு கரையிலும் நீண்டிருந்தன. இத்தாலியர், ஸ்லோவாக்கியர், ஹங்கேரியர், போலந்துக்காரர், அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பினத்தவர் எனப் பலரும் வேலை தேடி வந்தனர். ஆலையை ஒட்டிய பிரையர் ஹில் பகுதி இத்தாலியரின் குடியிருப்பாயிற்று.

1920 முதல் 1933 வரை நாடெங்கும் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. கள்ளச் சாராயத்தை ஒழிப்போம் என்று முழங்கிய கூ க்ளக்ஸ் க்ளான் இயக்கம் குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் குறிவைத்தது. 1923இல் அதன் ஆதரவு பெற்றவரே நகர மேயரானார். நகர நிர்வாகத்துக்கும் குடியேறிகளுக்கும் இடையிலான அவநம்பிக்கை இதனால் ஆழமாயிற்று.

சூதாட்டப் பொருளாதாரம்

மதுவிலக்கு முடிந்ததும் சூதாட்டம் முதன்மை வருமானமானது. ‘பக்’ என்று உள்ளூரில் அழைக்கப்பட்ட ஆட்டம், தமிழ்நாட்டில் மூன்று நம்பர் லாட்டரி எனப்படுவதைப் போன்றது. சில காசுகளைக் கட்டி ஒரு மூன்றிலக்க எண்ணைச் சொன்னால் போதும். முடிதிருத்தும் கடை, மதுக்கடை, ஆலை வாசல் என எங்கும் பணம் வசூலிக்க ஆட்கள் இருந்தனர். எண் விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. விழுந்தவருக்குக் கிடைத்ததோ கட்டியதைப்போல் சில நூறு மடங்குதான். அந்த இடைவெளியே கும்பலின் லாபம். வாரச் சம்பளம் தவறாமல் வந்த ஊரில் இந்த ஊற்று வற்றவில்லை. ‘பார்பூத்’ என்ற பகடையாட்டமும் கடன் வட்டியும் இதற்குத் துணை நின்றன. காவலருக்கும் அதிகாரிகளுக்கும் மாமூல் போயிற்று.

நகருக்கு வெளியே டிரம்புல் கவுன்ட்டியில் இயங்கிய ‘ஜங்கிள் இன்’ சூதாட்ட விடுதியின் உட்சுவரில், துப்பாக்கி நீட்டும் துளைகள் கொண்ட காவல் கூண்டு ஒன்று இருந்தது. 1949 ஆகஸ்டில் அதைச் சோதனையிட்டு மூடியவர்கள் உள்ளூர்க் காவலர் அல்லர். ஆளுநர் ஃபிராங்க் லௌஷின் நிர்வாகத்தில் இயங்கிய மாநில மதுத்துறை அலுவலர்கள். நகருக்குள்ளும் ஒரு முயற்சி நடந்தது. சூதாட்ட ஆதிக்கத்தை ஒழிப்பதாக வாக்களித்து 1947இல் மேயரான சார்ல்ஸ் ஹென்டர்சன், எட்வர்ட் ஆலனைக் காவல்துறைத் தலைவராக்கினார். ஆலனின் கெடுபிடி சில ஆண்டுகள் பலன் தந்தது. அவர் விலகிய பின் பழைய நிலை திரும்பியது.

கார்க் குண்டுகளின் காலம்

யங்ஸ்டவுன், கிளீவ்லாந்துக்கும் பிட்ஸ்பர்குக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. இரு நகர மாஃபியாக் குடும்பங்களும் இதைத் தம் எல்லையாகக் கருதின. பங்கீடு குலைந்தபோதெல்லாம் கொலைகள் நடந்தன. சூதாட்டத் தாதா சாண்டி நேப்பிள்ஸ் 1960இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1961 ஜூலையில் வின்ஸ் டிநிரோவும், 1962இல் சாண்டியின் சகோதரர் பில்லியும் குண்டுவெடிப்பில் இறந்தனர்.

1962 நவம்பர் 23 அன்று, ‘காடிலாக் சார்லி’ எனப்பட்ட சார்ல்ஸ் கவல்லாரோ தம் இரு மகன்களுடன் வீட்டில் நின்ற காரில் ஏறினார். வண்டியைக் கிளப்பியதும் குண்டு வெடித்தது. அவரும் 11 வயது மகனும் இறந்தனர். இன்னொரு மகன் காயமடைந்தான். அதுவரை கும்பல் கொலைகளை ‘அவர்களுக்குள் நடப்பது’ என்று ஒதுக்கிவந்த ஊர், ஒரு சிறுவனின் சாவால் அதிர்ந்தது. 1963 மார்ச்சில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழ் யங்ஸ்டவுனுக்குக் ‘குற்ற நகர்’ என்று பட்டம் சூட்டியது. காரில் வைக்கும் குண்டுக்கு, மெக்கானிக் கடைப் பேச்சிலிருந்தே ‘யங்ஸ்டவுன் ட்யூன்-அப்’ என்ற பெயரும் வழங்கலாயிற்று.

ஆலை மூடலும் கும்பல் போரும்

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன் கேம்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 5,000 பேர் வேலையிழந்தனர். உள்ளூரில் இது ‘கறுப்புத் திங்கள்’ எனப்படுகிறது. ஆலையை மக்களே வாங்கி நடத்தலாம் என்று தேவாலயக் கூட்டமைப்பு முன்வந்தது. கார்ட்டர் அரசு 1979இல் அதற்குக் கடன் உத்தரவாதம் தர மறுத்தது. பிரையர் ஹில் ஆலையும், யு.எஸ். ஸ்டீல் ஆலைகளும் அடுத்தடுத்து மூடின.

சம்பளம் நின்றதும் சூதாட்ட வருமானமும் சுருங்கியது. ‘பக்’ ஆட்டத்துக்குப் போட்டியாக ஒஹாயோ அரசின் சொந்த லாட்டரியும் 1974 முதலே இருந்தது. சுருங்கிய வருமானத்துக்காகக் கிளீவ்லாந்து ஆதரவு பெற்ற கராபியா சகோதரர்களும், பிட்ஸ்பர்க் ஆதரவு பெற்ற ஜேம்ஸ் பிராட்டோ, ஜோயி நேப்பிள்ஸ் அணியும் மோதினர். கிளீவ்லாந்தில் 1977 அக்டோபரில் நடந்த கும்பல் தலைவர் டேனி கிரீனின் கொலைக்காக ரோனால்ட் கராபியா சிறை சென்றது அவர்கள் அணியைத் தளர்த்தியது. 1980 டிசம்பரில் அவருடைய சகோதரர் சார்லி காணாமற்போனார். அதன்பின் பிட்ஸ்பர்க் தரப்பின் கை ஓங்கியது.

ஜேம்ஸ் டிராஃபிகன்ட்

1980இல் மஹோனிங் கவுன்ட்டி ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டிராஃபிகன்ட், தேர்தலின்போது இரு அணிகளிடமும் மொத்தம் 1,63,000 டாலர் வாங்கியதாக 1982இல் குற்றஞ்சாட்டப்பட்டார். கராபியா சகோதரர்கள் அவருடன் பேசியதை ரகசியமாகப் பதிவு செய்திருந்த ஒலிநாடாக்களே முக்கியச் சான்று. கும்பலைப் பிடிக்கத் தாமே விரித்த வலை அது என்றார் டிராஃபிகன்ட். வழக்கறிஞர் அல்லாத அவர் தமக்காகத் தாமே வாதாடி, 1983இல் விடுதலையானார்.

வேலையிழந்தவர்களின் வீடுகளை ஜப்தி செய்யும் ஆணைகளை நிறைவேற்ற மறுத்து நீதிமன்ற அவமதிப்புக்காக அவர் சிறை சென்றதும் இதே காலத்தில்தான். எளியவர்க்காக எதிர்த்து நின்றவர் என்ற பெயர், லஞ்ச வழக்கையும் மீறி, 1984இல் அவரை அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பியது.

ஸ்ட்ரோலோவின் வீழ்ச்சி

1991 ஆகஸ்டில், தாம் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டைப் பார்க்கச் சென்ற ஜோயி நேப்பிள்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் லென்னி ஸ்ட்ரோலோ தலைமையேற்றார். 1996 ஜூனில் ஸ்ட்ரோலோவின் போட்டியாளர் எர்னி பியண்டில்லோவைக் கூலிப்படை கொன்றது. அதே ஆண்டு டிசம்பர் 24 இரவு, கவுன்ட்டி அரசு வழக்கறிஞராகப் பதவியேற்கவிருந்த பால் கெய்ன்ஸின் வீட்டுக்குள் நுழைந்த கூலிப்படை ஆள் ஒருவன் அவரைச் சுட்டான். அவர் விழுந்ததும் மீண்டும் குறிவைத்தான், துப்பாக்கி சிக்கிக்கொண்டது. கெய்ன்ஸ் பிழைத்தார்.

கூலிப்படையினரில் ஒருவனின் முன்னாள் காதலி தந்த தகவல் வழக்கின் முடிச்சை அவிழ்த்தது. எஃப்.பி.ஐ. ஏற்கெனவே ஸ்ட்ரோலோவின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டு வந்தது. 1997 டிசம்பரில் கைதான ஸ்ட்ரோலோ, 1999இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியானார். நீதிபதிகள், ஷெரிஃப், முன்னாள் அரசு வழக்கறிஞர் உள்ளிட்ட 70க்கும் மேற்பட்டோர் இவ்விசாரணைகளில் தண்டனை பெற்றனர். 2002 ஏப்ரலில் டிராஃபிகன்டும் லஞ்சம், வரி ஏய்ப்பு உள்ளிட்ட 10 குற்றங்களில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. தம் ஊழியர்களின் சம்பளத்தில் பங்கு கேட்டதும், அவர்களைத் தம் பண்ணையில் வேலை வாங்கியதும் அவற்றில் அடங்கும். ஜூலையில் பிரதிநிதிகள் சபை 420-1 என்ற வாக்கில் அவரை வெளியேற்றியது. அவ்வாண்டுத் தேர்தலில் சிறையிலிருந்தபடியே நின்று ஏறத்தாழ 15 சதவீத வாக்குகள் பெற்றார். 2014இல் காலமானார்.

மரபு

ஷெரி லீ லிங்கன், ஜான் ருஸ்ஸோ ஆகியோரின் ‘ஸ்டீல்டவுன் யு.எஸ்.ஏ.’ (2002) என்ற ஆய்வு நூல், வேலையும் அதன் இழப்பும் நகர மக்களின் நினைவில் எவ்வாறு பதிந்துள்ளன என்பதை ஆராய்கிறது. 2005இல் நகராட்சி ஏற்ற ‘யங்ஸ்டவுன் 2010’ திட்டம், பழைய மக்கள்தொகை திரும்பாது என்பதை ஒப்புக்கொண்டு, நகரைச் சிறிதாக்கித் திட்டமிட முற்பட்டது. பிரையர் ஹில்லில் ஓய்ந்து நின்ற ‘ஜெனட்’ ஊதுலை 1997 ஜனவரியில் இடிக்கப்பட்டது. ஸ்ட்ரோலோ கைதானது அதே ஆண்டின் டிசம்பரில்.