மறைந்து வாழ்ந்த திருச்சபை

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையில் ஆலயங்கள் பல. புனித லூசியா பேராலயமும் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலமும் அவற்றுள் பெயர்பெற்றவை. இன்று மணியோசை கேட்கும் இந்நகரில், ஒரு காலத்திற் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரை வீட்டில் ஏற்பதே பேரிடரை வருவிக்கும் செயலாயிருந்தது.

1656ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1658இல் யாழ்ப்பாணமும் அவர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்போர்க்கு மரண தண்டனை என்னும் கட்டளை அவ்வாண்டிலேயே பிறந்தது. சமய வேற்றுமை மட்டும் இதற்குக் காரணமன்று. கத்தோலிக்கர் போர்த்துக்கேயருக்குத் துணைபோவர் என்னும் அரசியல் அச்சமும் இருந்தது. விவாகமும் ஞானஸ்நானமும் ஒல்லாந்தரின் சபை ஏடுகளிற் பதியப்பட்டன. ஆதலின் பலர் வெளிக்கு அச்சபையிற் சேர்ந்து, வீட்டினுள்ளே பழைய செபங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். போர்த்துக்கேயர் காலத்திற் சலுகை நாடிச் சமயம் மாறியோரும் உண்டு. சலுகை நீங்கிய பின்னரும் நிலைத்து நின்றவர் யார் என்பதை இக்காலமே காட்டிற்று.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அம்மக்கள் குருவானவரின்றி வாழ்ந்தனர். கோவையில், பெனோலிம் என்னும் ஊரில், 1651இற் பிறந்த யோசப் வாஸ் அடிகள் இச்செய்தி கேட்டு வருந்தினார். அவருக்குப் பின்னால் படையுமில்லை, அரசுமில்லை. இரவலர் கோலம் பூண்டு 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வரும்போதே வயிற்றுளைவு நோய் அவரை வாட்டியது. நோய் தணிந்தபின், யார் கத்தோலிக்கர் என்று அறிய, கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாக இரந்து சென்றார் என்பர். இரவில் பூசையும் பகலில் தலைமறைவுமாக அவர் பணி நடந்தது.

1692இற் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். அவர் தூய்மையை உணர்ந்த பௌத்த மன்னன் இரண்டாம் விமலதருமசூரியன், பின்னர் அவருக்கு உரிமையும் பாதுகாப்பும் அளித்தான். கிறிஸ்தவ அரசொன்று துரத்திய குருவை பௌத்த அரசன் காத்தான் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1697இற் கண்டியில் வைசூரி பரவியபோது, உற்றாராற் கைவிடப்பட்ட நோயாளரை அடிகளும் சக குருவான யோசப் கர்வாலோவும் சமயம் பாராது பேணினர்; இறந்தோரை அடக்கம் செய்தனர். 24 ஆண்டுகள் இலங்கையிற் பணியாற்றி, கோவைக்குத் திரும்பாமலே, 1711 சனவரி 16இல் அடிகள் கண்டியில் உயிர் நீத்தார். அவர் வழிவந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் சமய நூல்கள் பல இயற்றினார்.

கொச்சிக்கடைத் திருத்தலத்தின் தோற்றமும் இக்காலத்தைச் சார்ந்ததே. ஒல்லாந்தருக்கு ஒளித்து வாழ்ந்த அந்தோனியோ என்னும் குருவானவர், கடலரிப்பால் வருந்திய மீனவர்க்காகக் கரையிற் சிலுவை நாட்டி மன்றாடக் கடல் பின்வாங்கிற்று என்பது மரபுவழிக் கதை. ஆங்கிலேயர் ஆட்சியில், 1806இல், தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீதிருந்த சட்டத் தடைகளை நீக்கினார். 1995இல் முத்திப்பேறும் 2015இல் புனிதர் பட்டமும் காலிமுகத்திடலில் வாஸ் அடிகளுக்கு வழங்கப்பெற்றன.

சோதனை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைத் திருத்தலத்திற் குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களிலும் 250இற்கு மேற்பட்டோர் மாண்டனர். யூன் மாதத்தில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கு கூடும் கூட்டத்தில் கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பிற சமயத்தவரும் உளர்.

துன்பம் ஏன் வந்தது என்னும் வினாவிற்கு எளிதில் விடை கிட்டுவதில்லை. அதன் நடுவே செய்யத்தக்க கடமை யாது என்னும் வினாவிற்கு, கண்டியின் நோயாளர் குடிசைகளில் விடை கிடைத்தது. மறைந்து வாழ்ந்த அம்மக்களின் பொறுமைக்குப் பொருள் தந்ததும் அக்கடமையே.