டிரையல்ஸ் விசையுந்து

டிரையல்ஸ் விசையுந்து என்பது பாறை, சேறு, ஓடை, மரவேர் போன்ற தடைகளைக் கால் ஊன்றாமல் மெதுவாக ஓட்டிக் கடப்பதற்கென அமைக்கப்படும் விசையுந்து ஆகும். இவ்வண்டிகளைக் கொண்டு நடத்தப்படும் போட்டி டிரையல்ஸ் எனப்படும். இது வேகப் போட்டி அன்று, சமநிலைப் போட்டி. ஒரு தடைப்பகுதியில் ஒருமுறை கால் ஊன்றினால் 1, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் 3, கடக்கத் தவறினால் 5 எனத் தண்டப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். ஆகவே குறைந்த வேகத்தில் இழுவிசை, தரைப்பிடிப்பு, கைப்பிடி திரும்பும் அளவு ஆகிய மூன்றையும் கருத்திற் கொண்டே இதன் பாகங்கள் தெரிவு செய்யப்படுகின்றன.

டிரையல்ஸ் வரலாற்றில் இடம்பெற்றதும், பின்னர் சென்னையில் உற்பத்தி செய்யப்பட்டதுமான வண்டி ராயல் என்ஃபீல்டு புல்லட் ஆகும். கீழே தரப்படும் பாகத் தெரிவும் பொருத்தும் முறையும் வார்ப்பிரும்பு சிலிண்டரும் நான்கு கியர்களும் கொண்ட பழைய 350 புல்லட்டைச் சார்ந்தவை.

வரலாறு

ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஆறு நாள் டிரையல்ஸ் போட்டியின் தொடக்கம் 1909 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தொடக்க காலத்தில் பின்சக்கரம் சட்டத்தில் விறைப்பாகப் பொருத்தப்பட்ட வண்டிகளே டிரையல்சுக்கு ஏற்றவை என்று கருதப்பட்டது. 1948 இல் இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பைப் போட்டியில், பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் கொண்ட புல்லட் முன்மாதிரிகள் கலந்துகொண்டன. ஜானி பிரிட்டன் 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் புல்லட்டில் ஆறு நாள் போட்டியை வென்றார். 1965 இல் சாமி மில்லர் எடை குறைந்த ஸ்பெயின் நாட்டு புல்டாகோ வண்டியில் அதே போட்டியை வென்ற பின், கனமான நான்கு வீச்சு வண்டிகளின் காலம் முடிவுக்கு வந்தது. உலகச் சாம்பியன் போட்டி 1975 முதல் நடைபெறுகின்றது.

சென்னையில் 1955 இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவாக்கப்பட்டது. பழைய வெற்றிகளின் நினைவாக 2019 மார்ச்சில் புல்லட் டிரையல்ஸ் 350, 500 என இரு வண்டிகள் வெளியிடப்பட்டன. உயர்த்திய சைலன்சரும் ஒற்றை இருக்கையும் கட்டைப் பற்கள் கொண்ட டயரும் இவற்றின் அடையாளங்கள். ஆனால் எஞ்சின் வழக்கமான புல்லட்டினுடையதே. எடை 180 கிலோவுக்கு மேல். இன்றைய போட்டி வண்டிகளின் எடையோ 70 கிலோ அளவே. ஆகவே தோற்றத்தில் டிரையல்ஸ், பயன்பாட்டில் சாலை வண்டி என்றே இவற்றைக் கருதலாம். 2020 இல் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது இவற்றின் விற்பனை நின்றது.

பாகங்களைத் தெரிவு செய்தல்

எஞ்சின்: 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் வீச்சு 90 மி.மீ. ஆகும். நீண்ட வீச்சும் கனமான பிளைவீலும் இருப்பதால் மிகக் குறைந்த சுழற்சியிலும் எஞ்சின் நின்றுவிடாமல் இழுக்கின்றது. இப்பண்பே டிரையல்சுக்குத் தேவையானது. எனவே ஆற்றலைக் கூட்டுவதற்காக எஞ்சினை மாற்றுதல் பயனற்றது.

ஸ்ப்ராக்கெட்: கியர்பெட்டி ஸ்ப்ராக்கெட்டில் 16 பற்களும் பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டில் 38 பற்களும் உள்ளன. பின் ஸ்ப்ராக்கெட் பிரேக் டிரம்முடன் ஒன்றாக வார்க்கப்பட்டது என்பதால், முன்னதை மாற்றுவதே எளிது. விகிதங்கள் பின்வருமாறு:

- 16 பற்கள்: 2.38
- 15 பற்கள்: 2.53
- 14 பற்கள்: 2.71

14 பற்கள் கொண்டதைப் பொருத்தினால் சக்கரத்தின் இழுவிசை ஏறத்தாழ 14 விழுக்காடு கூடும். அதே எஞ்சின் சுழற்சியில் வேகம் 12.5 விழுக்காடு குறையும். இறக்கத்தில் எஞ்சின் தடுப்பும் வலுப்பெறும். சாலையிலும் ஓட்ட வேண்டிய வண்டிக்கு 15 பற்களே பொருத்தமானவை.

டயர்: டிரையல்ஸ் டயரின் பக்கச்சுவர் மென்மையானது; காற்றைக் குறைத்தால் பாறையின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து பிடிக்கும். போட்டி வண்டிகளில் பின்புறம் 4.00-18, முன்புறம் 2.75-21 அளவுகள் வழக்கம். பழைய புல்லட்டின் சக்கரங்கள் 19 அங்குலம் என்பதால், பின்புறம் 18 அங்குல ரிம் கோக்க வேண்டியுள்ளது. புதிய ரிம்மிலும் 40 ஸ்போக் துளைகள் இருத்தல் அவசியம்.

கார்புரேட்டர்: டிரையல்சில் திராட்டில் பெரும்பாலும் கால் பங்குக்கு மேல் திறக்கப்படுவதில்லை. இந்நிலையில் எரிபொருள் கலவையைத் தீர்மானிப்பவை பைலட் ஜெட்டும் சிலைடின் வெட்டுமே. மெயின் ஜெட்டை மாற்றுவதால் பயனில்லை.

கைப்பிடியும் கால்மிதியும்: ஓட்டுநர் நின்றபடியே ஓட்டுவதால் உயரமும் அகலமும் உள்ள கைப்பிடியும், சற்றுத் தாழ்வாகவும் பின்னோக்கியும் அமைந்த கால்மிதியும் தேவை.

அடித்தகடு: எஞ்சினின் அடிப்பகுதி அலுமினியம், கல்லில் மோதினால் விரிசல் விடும். ஆயில் வடிக்கும் திருகுகள் அங்கேயே இருப்பதால், அவற்றுக்கு நேரே துளையுள்ள அல்லது எளிதில் கழற்றக்கூடிய தகடு தெரிவு செய்யப்பட வேண்டும்.

பொருத்தும் முறை

எளிதில் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய மாற்றங்களை முதலில் செய்தல் நன்று. வரிசை பின்வருமாறு:

1. கைப்பிடியை மாற்றிய பின், எஞ்சினை ஓடவிட்டு அதனை இரு புறமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சினின் ஒலி உயர்ந்தால் திராட்டில் கேபிள் இழுபடுகின்றது என்று பொருள். நீளமான கேபிள் தேவை.
2. ரிம் கோத்த பின் சக்கரத்தைச் சுழற்றி, கோட்டம் நீக்க வேண்டும். பெரிய டயர் செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ உரசாமல் இடைவெளி இருத்தல் வேண்டும்.
3. காற்றைக் குறைக்கும்போது டயர் ரிம்மின் மீது வழுக்கி, டியூபின் வால்வைக் கிழித்துவிடக் கூடும். இதனைத் தடுக்க ரிம் லாக் பொருத்தப்படுகின்றது. எடை குறைந்த போட்டி வண்டிகளின் 4 முதல் 5 பி.எஸ்.ஐ. வரையிலான பின்டயர் அழுத்தம், 160 கிலோவைத் தாண்டிய, டியூப் கொண்ட புல்லட்டுக்குப் பொருந்தாது. சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்து, சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் காற்று நிரப்ப வேண்டும்.
4. கியர்பெட்டி ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் உள்ளது. எனவே பிரைமரி செயின் உறையின் ஆயிலை வடித்து, உறையையும் கிளட்சையும் கழற்ற வேண்டும். அப்போதே ஆயில் சீலையும் கிளட்ச் தட்டுகளையும் சோதித்தால் இரண்டாம் முறை கழற்றும் வேலை மிஞ்சும்.
5. செயினின் தளர்வை, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்த நிலையில், செயின் மிக இறுகும் இடத்தில் அளக்க வேண்டும்.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988 இன் 52 ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள 182அ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ விதிக்க இடமளிக்கின்றது. விளக்கு, கண்ணாடி, எண்பலகை ஆகியவற்றை நீக்கிப் போட்டிக்கென மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டாமல் சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்வதே முறையாகும்.

தென்சென்னைப் புறநகரில்

சென்னையில் புல்லட் பாகங்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும், பழைய வண்டிகளின் பாகங்கள் புதுப்பேட்டையிலும் கிடைக்கின்றன. பழைய பாகங்களை வாங்கும்போது, ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் தவிர்க்க வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டை ஓட்டக்களம் வேகப் போட்டிகளுக்கானது. பள்ளிக்கரணையின் சதுப்பு நிலம் சேற்றுப் பயிற்சிக்கு உகந்ததாகத் தோன்றினாலும் அங்கு வண்டி ஓட்டலாகாது. அதன் ஒரு பகுதி 2007 இல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022 இல் சதுப்பு நிலம் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வலசை வரும் பறவைகள் இரைதேடும் ஈரநிலத்தைக் கட்டைப் பற்கள் கொண்ட டயர் எளிதில் கிளறிவிடும். பல்லாவரம், திரிசூலம் பகுதிகளின் கைவிடப்பட்ட கல்குவாரிகள் செங்குத்தான விளிம்பும் ஆழமான நீரும் கொண்டவை; அவையும் ஆபத்தானவை.

எனினும் டிரையல்ஸ் பயிற்சிக்குப் பெரிய இடம் தேவையில்லை. உரிமையாளரின் அனுமதி பெற்ற ஒரு காலி மனையில் சில கற்களும் ஒரு மரக்கட்டையும் கிடந்தால், நடை வேகத்தில் கால் ஊன்றாமல் திரும்பப் பழகலாம். வண்டியில் செய்த மாற்றங்கள் பயன் தந்தனவா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இவற்றையும் பார்க்க

- ராயல் என்ஃபீல்டு
- பள்ளிக்கரணை சதுப்பு நிலம்
- கார்புரேட்டர்