இரண்டாம் பால்

தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால் என்று பிழிகிறோமே, இங்கிலாந்தின் ‘ஸ்மால் பீர்’ அப்படித்தான். முளைகட்டி உலர்த்திய பார்லியில் வெந்நீர் ஊற்றி முதலில் வடிக்கும் சாறு வீரியமான ஏலுக்குப் போகும். அதே சக்கையில் மறுபடி வெந்நீர் விட்டு வடித்துக் காய்ச்சிப் புளிக்க வைத்தால் போதை கம்மியான ஸ்மால் பீர். வீட்டில் பெண்கள் காய்ச்சியது, சின்னப் பிள்ளைகளும் குடித்தது.

‘அந்தக் காலத்தில் தண்ணீர் மோசம், அதனால் எல்லோரும் பீரே குடித்தார்கள்’ என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படியென்றால் 1613இல் நியூ ரிவர் என்று ஒரு கால்வாயையே வெட்டி லண்டனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது எதற்கு?

ஆனால் அந்தக் கதைக்கு வலுவான சாட்சி ஒன்று உண்டு. 1854, லண்டன், ப்ராட் தெரு. தெருமுனை அடிபம்பைச் சுற்றி பத்தே நாளில் காலராவுக்கு ஐந்நூறு பேருக்குமேல் செத்தார்கள். அதே தெருவில் ஒரு பீர் ஆலை. எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. டாக்டர் ஜான் ஸ்னோ போய் விசாரித்தார். (மனிதர் இளவயதில் மதுவைத் தொடாதவர்!) ஆட்களுக்கு ஆலையே பீர் கொடுக்கிறது, அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்று நினைக்கிறேன் என்றார் முதலாளி ஹக்கின்ஸ்.

அப்போ பீர்தான் காப்பாற்றியதா? சாறைக் கொதிக்க வைத்ததில் கிருமி செத்திருக்கும், சரி. ஆனால் ஆலைக்குள் ஆழ்கிணறு இருந்தது, நியூ ரிவர் தண்ணீரும் வந்தது. தெருப் பம்பை அவர்கள் தொடவே இல்லை. பக்கத்து போலந்து தெரு ஏழையர் விடுதிக்கும் சொந்தக் கிணறு. 535 பேரில் காலராவுக்குச் செத்தவர்கள் 5 பேர்தான். கோடில் பிழை தேடும்போது, அது வராத இடங்களில் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இங்கே பொதுவாக இருந்தது வேறு தண்ணீர்.

கொடுமை என்னவென்றால், அந்தப் பம்புத் தண்ணீருக்கு ருசியானது என்று பேர். அதே தெருவில் எலி சகோதரர்களின் துப்பாக்கித் தோட்டா மூடித் தொழிற்சாலை. ஆட்கள் குடிக்கட்டும் என்று பம்புத் தண்ணீரைத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தார்கள். 200 பேரில் 18 பேர் போனார்கள். அவர்களுடைய அம்மா ஹாம்ஸ்டெட் பக்கம் குடிபோய்விட்டார், அங்கே காலராவே இல்லை. பழகின ருசி விடவில்லை. தினமும் வண்டியில் ஒரு பெரிய பாட்டில் போகும். ஆகஸ்ட் 31ஆம் தேதி எடுத்த தண்ணீரை அவரும் குடித்தார், பார்க்க வந்திருந்த உறவுக்காரப் பெண்ணும் குடித்தாள். அவர் செப்டம்பர் 2ஆம் தேதி இறந்தார். அந்தப் பெண் இஸ்லிங்டனில் தன் வீட்டுக்குத் திரும்பிப் போய் இறந்தாள்.