வானம் மறையும் வளைவுகள்

இறக்காமத்துக் குளக்கட்டில் நிற்கும் ஓர் உழவு இயந்திரத்தின் இருப்பிடத்தைச் செய்மதியினூடாக அறிவது இன்று பெரிய காரியமன்று. சுற்றிவர வயல்வெளி, தலைக்குமேல் தடையற்ற வானம். அதே ஊரில் நெல்லேற்றிய லொறியொன்று மகியங்கனையைக் கடந்து, பதினெட்டு வளைவில் ஏறிக் கண்டியை நோக்கிச் செல்லும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

ஜீ.பீ.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டே தூரம் கணிக்கப்படுகிறது. குறைந்தது நான்கு செய்மதிகளாவது தேவை. நேரக் கணிப்பில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரம் 300 மீற்றர் பிசகும். மலைச்சுவரோ மாடிக் கட்டடமோ சமிக்ஞையை மறைப்பது ஒருபுறமிருக்க, அதைத் தெறிக்கவைத்துச் சுற்றுவழியில் அனுப்புவது அதைவிட மோசமானது. கருவி அந்த எதிரொலியையும் மெய்யென நம்பிவிடுகிறது.

மலைகள் மட்டுமா ஏமாற்றின? 1983 செப்டெம்பர் 1ஆம் திகதி, பாதை தவறிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, ஜீ.பீ.எஸ். பொதுமக்களுக்கும் கிடைக்கும் என ரீகன் அரசு அறிவித்தது. ஆயினும் எமக்குத் தந்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, சுமார் 100 மீற்றர் வரை தடுமாற வைத்தார்கள். நான் செய்தி தேடி ஊர் ஊராகத் திரிந்த தொண்ணூறுகளில் நிலைமை அதுதான். (தேநீர்க்கடைக்காரரிடம் வழி கேட்பது அதைவிட நம்பகமானதாக இருந்தது!) 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டனின் உத்தரவால் அக்கலப்படம் நின்றது.

வானமே தெரியாத இடத்தில் வழியறியும் வித்தையோ செய்மதிக்கு முந்தியது. ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் 1981இல் செய்மதி எதுவுமின்றி, திரும்பும் கோணத்தை உணரும் கருவியைக் கொண்டு காருக்கு வழிகாட்டியை அமைத்தது. 1985இல் கலிபோர்னியாவில் வந்த ‘எட்டக்’ கருவி, சக்கரச் சுழற்சியையும் திசைகாட்டியையும் வைத்து இடத்தைக் கணித்து, அதை வீதி வரைபடத்துடன் பொருத்தித் திருத்தியது. எட்டக் என்பது பசிபிக் தீவுக் கடலோடிகளின் சொல். ஓடத்தை அசையாததாகவும் தீவுகளே நகர்வதாகவும் பாவித்துத் தூரம் கணிக்கும் அவர்களது முறை அது. நவீன கருவியொன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் அறியேன்.

இன்றைய கருவிகளிலும் இதே வித்தைதான். ருடோல்ஃப் கல்மன் 1960இல் தந்த கணிதமுறையின் வழியில், செய்மதி சொல்வதையும் சக்கரம் சொல்வதையும் நிறுத்துப் பார்த்து நம்பத்தக்கதற்கு அதிக எடை கொடுக்கிறார்கள். சுரங்கப்பாதையினுள் செய்மதியின் எடை பூச்சியம். இமாசலப் பிரதேசத்தில் 2020இல் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீற்றர் அடல் சுரங்கத்தில் இவ்வாறு ஊகித்துச் செல்லும்போது சிறு பிழைகள் சேர்ந்து பெருகும்.

ஜப்பானியர் வேறொரு வழியும் கண்டார்கள். டோக்கியோவின் உயர்மாடிகளுக்கிடையே சமிக்ஞை கிடைப்பதற்காக, தமது நாட்டின் நேர் உச்சியில் நீண்டநேரம் தங்கும் செய்மதிகளை 2010 முதல் ஏவினர். இந்தியாவின் நாவிக் செய்மதிகள் 2013 முதல் எமது வானிலும் உள்ளன. ஆனால் முதல் செய்மதியின் அணுக் கடிகாரங்கள் மூன்றுமே செயலிழந்தமை அதற்குப் பெரும் பின்னடைவு.

என் மனக்குறை வேறு. தனது கணிப்பில் எத்தனை மீற்றர் ஐயம் உண்டென்பது கருவிக்கே தெரியும். ஆனால் முதலாளியின் திரையில் பெரும்பாலும் ஒரு புள்ளி மாத்திரமே விழுகிறது. அளந்ததும் ஊகித்ததும் அங்கே ஒரே நிறம். அதை வைத்துச் சாரதியிடம் விளக்கம் கேட்பவரும் உண்டு. பதினெட்டு வளைவிலோ மேல் வீதிக்கும் கீழ் வீதிக்கும் இடைவெளி சொற்பம். விபத்தில் சிக்கியவர் எந்த மடிப்பில் கிடக்கிறார் என்பதை அப்புள்ளி பிழையாகக் காட்டினால், 1990 அம்புலன்ஸ் அடுத்த வளைவு வரை சென்று திரும்பிவர வேண்டியதுதான்.