37 நாள் சாம்சங் வேலைநிறுத்தம்: ரூ.5,000-ஐ வேண்டாம் என்றது ஏன்? லாப நஷ்ட கணக்கு என்ன?

மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்... கார் முதல் செல்போன் வரை தயாராகும் பகுதி. இங்குள்ள சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில், 2024 செப்டம்பர் 9-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆயிரத்துக்கும் அதிகமானோர் 37 நாட்கள் வேலைக்குப் போகவில்லை.

கோரிக்கை என்ன?

சம்பள உயர்வும் கேட்டார்கள். ஆனால் முதல் கோரிக்கை, சிஐடியு ஆதரவு பெற்ற தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். 2007-ல் தொடங்கிய ஆலையில் அதுவரை தொழிற்சங்கம் இல்லை.

யாருக்கு எவ்வளவு சேதம்?

பிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி தயாராகும் ஆலை இது. தீபாவளி விற்பனை நெருங்கிய நேரம் என்பதால் நிறுவனத்துக்கு நெருக்கடி. வேலை இல்லையேல் சம்பளம் இல்லை என்றது நிர்வாகம். வாடகை, இஎம்ஐ கட்டும் குடும்பங்களுக்கு அது பெரிய அடி. முதலீட்டாளர்கள் தயங்குவார்களோ என்ற கவலை அரசுக்கு.

பணம் கொடுத்தும் ஏன் முடியவில்லை?

அக்டோபரில் மாதம் ரூ.5,000 ஊக்கத்தொகை தர நிர்வாகம் முன்வந்தது. ஆனால் அது 2025 மார்ச் வரை மட்டுமே. சங்கம் இருந்தால் ஒவ்வொரு ஆண்டும் உட்கார்ந்து பேசலாம். தனி ஆளாகக் கேட்டால் அவரை மாற்றிவிடலாம். ஆயிரம் பேரை ஒரே நாளில் மாற்ற முடியாது. பேரம் பேசும் பலம் அங்கேதான் இருக்கிறது.

பேச வழி இல்லாவிட்டால்?

கோபம் சாலைக்கு வரும். 2021 டிசம்பரில், விடுதி உணவு சாப்பிட்ட பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். ஐபோன் ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது.

கடைசியில் என்ன கிடைத்தது?

அமைச்சர்கள் பேச்சுவார்த்தைக்குப் பின் அக்டோபர் 15-ல் வேலைநிறுத்தம் முடிந்தது. பங்கேற்றவர்களைப் பழிவாங்க மாட்டோம் என நிர்வாகம் ஒப்புக்கொண்டது. சங்கப் பதிவு விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. பிப்ரவரியில் 3 சங்க நிர்வாகிகள் சஸ்பெண்ட் செய்யப்பட, மீண்டும் போராட்டம்.

2025 மே மாதம் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. 3 ஆண்டுகளில் மாதச் சம்பளம் மொத்தம் ரூ.18,000 உயரும். ஆறு மாத ஊக்கத்தொகையை வேண்டாம் என்றவர்களின் கணக்கு இதுதான்.